நடுநிலை அடர்த்தி வடிகட்டி

நடுநிலை அடர்த்தி வடிகட்டி என்பது, ஒளிப்படக்கருவியின் வில்லைக்கு முன்னால் பொருத்தப்பட்டு, உள்ளே செல்லும் ஒளியின் அளவை மட்டும் குறைக்கும் சாம்பல் நிறக் கண்ணாடி அல்லது பிசின் தகடு ஆகும். கட்புலனாகும் ஒளியின் எல்லா அலைநீளங்களையும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைப்பதால், படத்தின் நிறங்கள் மாறுவதில்லை. இதனாலேயே "நடுநிலை" என்னும் அடைமொழி ஏற்பட்டது. தமிழ்நாட்டு ஒளிப்படக் கலைஞர்களும் திரைப்படத் துறையினரும் இதைப் பேச்சு வழக்கில் "என்டி ஃபில்டர்" என்றே குறிப்பிடுகின்றனர்.

ஒளி போதாமையே ஒளிப்படவியலின் பழைய சிக்கல். ஒளி மிகையாக இருப்பதும் ஒரு சிக்கலாகும் என்பதைச் செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரையில் எளிதாக அறியலாம். மாமல்லபுரம் ஏறக்குறைய 12.6 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரத்திலும், ஆகஸ்ட் மாதம் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகல் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வருகின்றது. வெளிர் மணலும் அலை நுரையும் அந்த ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. இத்தகைய ஒளியில் அலையின் ஓட்டத்தைப் படத்தில் காட்ட விரும்புபவருக்கு, ஒளிப்படக்கருவியின் அமைப்புகள் மட்டும் போதுவதில்லை.

தேவை ஏற்படும் விதம்

ஒரு படத்தில் பதியும் ஒளியின் அளவை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன: வில்லையின் ஒளித்துளை, ஷட்டர் திறந்திருக்கும் நேரம், உணரி அல்லது படச்சுருளின் உணர்திறன். நல்ல வெயிலில் ஒளித்துளையை எஃப்/16 என வைத்தால், ஷட்டர் நேரம் உணர்திறன் எண்ணின் தலைகீழாக இருக்க வேண்டும் என்பது படச்சுருள் காலத்திலிருந்து வழங்கிவரும் "வெயில் 16" விதி. இதன்படி ஐஎஸ்ஓ 100 இல் ஷட்டர் நேரம் ஏறக்குறைய 1/125 நொடி ஆகும். கரைக்கு ஏறி மீளும் அலை, மணலில் இழைகளாக வழிந்து பின்வாங்குவதைப் பதிய அரை நொடியாவது தேவை. இரண்டுக்கும் இடையே 6 ஸ்டாப் வேறுபாடு உள்ளது. ஒளி ஒருமடங்கு கூடுவதையோ பாதியாகக் குறைவதையோ ஒரு ஸ்டாப் என்பர்.

ஒளித்துளையை எஃப்/22 ஆகச் சுருக்கினால் ஒரு ஸ்டாப் மட்டுமே மிச்சமாகும். அதற்கும் விலை உண்டு. துளை சிறுக்கும்போது ஒளியின் விளிம்பு வளைவு மிகுந்து, படத்தின் கூர்மை குறைகின்றது. உணர்திறனையும் ஓர் எல்லைக்குக் கீழ் இறக்க இயலாது. எனவே எஞ்சிய ஒளியை வெளியிலேயே தடுப்பது ஒன்றே வழி. 6 ஸ்டாப் வடிகட்டி ஒன்றைப் பொருத்தினால் 1/125 நொடி அரை நொடியாக நீள்கின்றது. 10 ஸ்டாப் வடிகட்டியால் அது ஏறக்குறைய 8 நொடியாகின்றது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 16 ஸ்டாப் குறைந்து, நடுப்பகலிலேயே எட்டரை நிமிடத்துக்கும் மேலான ஒளிபடு நேரம் கிடைக்கின்றது.

எண்களும் குறியீடுகளும்

வடிகட்டிகளைக் குறிக்கப் பல முறைகள் வழக்கிலிருப்பது புதியவர்களுக்குக் குழப்பம் தருகின்றது. ஒளியியலில் பயன்படுவது ஒளியடர்த்தி என்னும் அளவு ஆகும். வடிகட்டியின் மீது விழும் ஒளியை அதனூடே வெளிவரும் ஒளியால் வகுத்துக் கிடைக்கும் எண்ணின், பத்தை அடியாகக் கொண்ட மடக்கையே ஒளியடர்த்தி. 2 இன் மடக்கை ஏறக்குறைய 0.3 என்பதால், ஒவ்வொரு 0.3 அடர்த்தியும் ஒரு ஸ்டாப்புக்கு இணையானது. 0.9 என்று எழுதப்பட்ட வடிகட்டி 3 ஸ்டாப் குறைத்து எட்டில் ஒரு பங்கு ஒளியை விடும். 1.8 என்பது 6 ஸ்டாப். அதாவது 64 இல் ஒரு பங்கு. 3.0 என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு.

மற்றொரு முறையில் ஒளி எத்தனை மடங்கு குறைகின்றது என்பதையே நேரடியாகக் குறிப்பர். என்டி 8 என்பதும் 0.9 என்பதும் ஒரே வடிகட்டியே; அவ்வாறே என்டி 64 உம் 1.8 உம், என்டி 1000 உம் 3.0 உம். வாங்கும்போது எந்த முறையில் எண் இடப்பட்டுள்ளது எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். என்டி 8 ஐ 8 ஸ்டாப் எனக் கொண்டால் 5 ஸ்டாப் பிழை நேரும். ஒரு நொடி போதும் இடத்தில் 32 நொடி திறந்து படம் வெளுத்துவிடும்.

வடிகட்டிகளை அடுக்கும்போது மடங்குகளைப் பெருக்க வேண்டும். அடர்த்திகளையோ வெறுமனே கூட்டினால் போதும். மடக்கை அளவின் வசதி இதுவே.

வரலாறு

ஓர் ஊடகத்தைக் கடக்கும் ஒளி, சம தடிப்புள்ள ஒவ்வொரு படலத்திலும் சம விகிதத்தில் குறைகின்றது என்பதைப் பிரான்சின் பியேர் பூகே 1729 இல் எடுத்துக்காட்டினார். யோகான் லாம்பர்ட் 1760 இல் இதைக் கணித வடிவில் அமைத்தார். ஒளிப்படவியலில் அடர்த்தி என்னும் சொல்லுக்கு இன்றைய மடக்கைப் பொருளை அளித்தவர்கள், இங்கிலாந்தில் பணியாற்றிய பெர்டினண்ட் ஹர்ட்டர், வீரோ சார்லஸ் டிரிஃபீல்டு ஆகியோர். இவர்களது ஆய்வுக் கட்டுரை 1890 இல் வெளியாயிற்று. பின்னர் ராட்டன் அண்ட் வெயின்ரைட் என்னும் ஆங்கில நிறுவனத்தை 1912 இல் கோடாக் வாங்கியது. அதன் வழியே வந்த ராட்டன் வரிசையில், 96 என்னும் எண் பெற்ற ஜெலட்டின் மென்தாளே நடுநிலை அடர்த்தி வடிகட்டி ஆகும்.

19 ஆம் நூற்றாண்டில் இத்தகைய வடிகட்டிக்குத் தேவை பெரிதாக எழவில்லை. அக்காலத்து வேதிப்பூச்சுகள் மிக மந்தமானவை. கடலைப் படமெடுத்தால் அலை தானாகவே புகைபோல் கலங்கிவிடும். அலையை உறைய வைப்பதே அன்று அருஞ்செயலாக இருந்தது. அவை நீல ஒளிக்கு மிகையாக உணர்ந்ததால் வானம் வெறும் வெண்மையாகப் பதிந்தது மற்றொரு குறை. பிரான்சின் குஸ்டாவ் லெ கிரே 1850களின் பிற்பகுதியில் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில், வானத்துக்கு ஓர் எதிர்ப்படிமமும் கடலுக்கு வேறோர் எதிர்ப்படிமமும் பயன்படுத்தி இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். அதே காலத்தில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்து, மதுரை, தஞ்சாவூர் முதலிய இடங்களின் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், தம் எதிர்ப்படிமங்கள் சிலவற்றில் மேகங்களைத் தூரிகையால் தீட்டிச் சேர்த்தார். படிநிலை வடிகட்டி பின்னாளில் தீர்த்துவைத்த சிக்கலும் இதுவே.

படிநிலை வடிகட்டி

தகட்டின் மேற்பாதி கருமையாகவும் கீழ்ப்பாதி தெளிவாகவும் அமைந்தது படிநிலை நடுநிலை அடர்த்தி வடிகட்டி எனப்படும். ஒளி மிகுந்த வானத்தை மட்டும் மங்கச் செய்து, வானமும் நிலமும் ஒரே படத்தில் விவரங்களோடு பதிய இது உதவுகின்றது. அமெரிக்க மலையேறியும் ஒளிப்படக் கலைஞருமான கேலன் ரோவெல் இவ்வகை வடிகட்டிகளைப் பரவலாக அறியச் செய்தவர்களுள் ஒருவர்.

கருமையும் தெளிவும் சந்திக்கும் எல்லை சடுதியாக மாறுவது கடின விளிம்பு. மெல்ல மாறுவது மென் விளிம்பு. கோவளம் கடற்கரையில் நின்று வெறும் கடலையும் வானத்தையும் எடுப்பவருக்குக் கடின விளிம்பு பொருந்தும். அடிவானம் நேர்கோடாக இருப்பதே காரணம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் நிலைமை வேறு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் எழுப்பிய அக்கோயிலின் இரு விமானங்களும் அடிவானக் கோட்டை வெட்டிக்கொண்டு எழுகின்றன. அங்கே கடின விளிம்பை வைத்தால், விமானங்களின் மேற்பகுதி வானத்தோடு சேர்ந்து கறுத்து, கீழ்ப்பகுதி மட்டும் வெளிச்சமாக நிற்கும். கருங்கல் மேலே ஒரு நிறமும் கீழே ஒரு நிறமுமாகத் தோன்றும் படங்கள் பல இவ்வாறு உண்டானவை. மென் விளிம்பு இக்குறையைத் தணிக்கும், முழுதும் நீக்காது. இத்தகைய காட்சியில் வெவ்வேறு ஒளிபடு நேரங்களில் இரு படங்கள் எடுத்துக் கணினியில் இணைப்பதே மேலானது.

அடிவானத்தை ஒட்டி மிகக் கருமையாகவும் மேலே செல்லச் செல்ல வெளிறியும் இருக்கும் தலைகீழ்ப் படிநிலை வடிகட்டியும் உண்டு. சூரியன் அடிவானத்தில் இருக்கும் சில நிமிடங்களுக்கே இது பயன்படும். வங்காள விரிகுடாக் கரையில் சூரியன் கடலில் எழுவதால், இங்கு இது காலை நேரத்துக்கு உரிய கருவி.

நீர்நிலைகளில் மற்றொரு நுட்பம் உள்ளது. செங்கல்பட்டு தொடர்வண்டி நிலையத்தை அடுத்துள்ள கொளவாய் ஏரியில் வானம் பிரதிபலிக்கும்போது, பிரதிபலிப்பு மூல வானத்தைவிடச் சற்று மங்கலாகவே இருக்கும். மிகுந்த அடர்த்தியுள்ள படிநிலை வடிகட்டியால் வானத்தை இறக்கினால், ஏரி வானத்தைவிட வெளிச்சமாகிப் படம் பொய்யாகத் தோன்றும். காண்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் ஏதோ பொருந்தவில்லை என்பது புலப்படும். ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் இத்தகைய இடத்துக்குப் போதும்.

மாறும் அடர்த்தி வடிகட்டி

இரண்டு முனைவாக்கும் தகடுகளை ஒன்றன்முன் ஒன்றாக வைத்து, ஒன்றைச் சுழற்றினால் கடந்துவரும் ஒளி படிப்படியாகக் குறைகின்றது. தகடுகளுக்கு இடைப்பட்ட கோணத்தின் கோசைன் மதிப்பின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறையும் என்பது, எத்தியேன் மாலுசு 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ட விதி. மாறும் அடர்த்தி வடிகட்டி இவ்விதியாலேயே இயங்குகின்றது. ஒரே வடிகட்டியில் பல அடர்த்திகள் கிடைப்பது வசதி. எனினும் அகல்கோண வில்லைகளில், கோணம் எல்லையை நெருங்கும்போது படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போன்ற கரும்பட்டை தோன்றுகின்றது. ஈரமணலின் பளபளப்பையும் நீல வானத்தின் ஆழத்தையும் இது மாற்றிவிடுவதால், கண்டிப்பான பொருளில் இதை நடுநிலை எனக் கூறுவது கடினம்.

திரைப்படத்திலும் திருமணப் படங்களிலும்

அசையா ஒளிப்படத்தில் இவ்வடிகட்டி ஒரு விருப்பத் தேர்வு. திரைப்படத்திலோ பகல் வெளிச்சத்தில் இன்றியமையாதது. நொடிக்கு 24 சட்டங்கள் பதியும்போது, இயல்பான அசைவுக்கு ஒவ்வொரு சட்டமும் ஏறக்குறைய 1/48 நொடி ஒளிபட வேண்டும் என்பது மரபு. இதை மாற்றினால் அசைவு வெட்டிவெட்டித் தெரியும். பல எண்ணிமத் திரைப்படக்கருவிகளின் அடிப்படை உணர்திறன் ஐஎஸ்ஓ 800 அளவில் உள்ளது. நல்ல வெயிலில் எஃப்/2.8 துளையில் பின்புலத்தை மங்கலாக்கிப் படமெடுக்க வேண்டுமெனில் 9 ஸ்டாப், அதாவது 2.7 அடர்த்தி தேவைப்படுகின்றது. ஆகவே தொழில்முறைக் கருவிகள் பலவற்றில் வடிகட்டிகள் சுழல்தட்டாக உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும்.

இவ்வளவு அடர்த்தியில் ஒரு பக்கவிளைவு தலைகாட்டுகின்றது. சாதாரண வடிகட்டி கட்புலனாகும் ஒளியைத் தடுக்கும் அளவுக்கு அகச்சிவப்பைத் தடுப்பதில்லை. உணரிக்கோ அகச்சிவப்பிலும் ஓரளவு உணர்ச்சி உண்டு. இதனால் கறுப்புத் துணி செம்பழுப்பாகப் பதியலாம். அகச்சிவப்பையும் சேர்த்துக் குறைக்கும் வடிகட்டிகள் இதன்பொருட்டே உருவாக்கப்பட்டன.

மாமல்லபுரம் கடற்கரை திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புகளுக்குப் பெயர்பெற்றது. அங்கே மின்வெட்டொளியோடு படமெடுப்பவர்கள், ஷட்டரை ஏறக்குறைய 1/200 நொடிக்கு மேல் வேகமாக்க இயலாமையால் துளையைச் சுருக்க நேர்கின்றது. வடிகட்டி இருந்தால் துளையை எஃப்/2 வரை திறந்து வைக்கலாம். வடிகட்டி மின்வெட்டொளியை விட்டுவிட்டு வெயிலை மட்டும் குறைக்கும் எனச் சிலர் கருதுவது தவறு. இரண்டும் ஒரே அளவில் குறைகின்றன. மின்வெட்டு விளக்கின் உழைப்பு எஃப்/16 இல் இருந்ததைவிடச் சிறிதும் குறையாது. பின்புலத்தின் மங்கல் மட்டுமே இலாபம்.

நீண்ட ஒளிபடல் காட்டுவதும் மறைப்பதும்

10 ஸ்டாப் வடிகட்டியுடன் சில நிமிடங்கள் ஷட்டரைத் திறந்துவைத்தால், நடந்து செல்பவர்கள் படத்தில் பதியாமல் மறைகின்றனர். கூட்டம் மிகுந்த நினைவுச்சின்னத்தை ஆளற்ற இடமாகக் காட்ட இது ஒரு வழி. ஆனால் நின்று பார்ப்பவர்கள் மறைவதில்லை. பாதி உருவமாக எஞ்சுவர். மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத் தொகுதியின் முன் வருவோர் பெரும்பாலும் நின்று பார்ப்பவர்களே. மேலும் அசையாத கல்லுக்கு இவ்வடிகட்டி எதையும் சேர்ப்பதில்லை. கிழக்கு நோக்கிய அச்சிற்பங்களின் செதுக்கல் தெளிய வேண்டுமெனில், வேண்டியது காலை வேளையின் சாய்ந்த வெயிலே. மாவட்டத்தின் மற்றொரு புகழ்பெற்ற படப்பிடிப்பு இடமான வேடந்தாங்கலிலும் இதற்கு வேலையில்லை. பறவையின் சிறகைப் பதிய வேகமான ஷட்டரே வேண்டும்.

கடலை இது காட்டும் விதம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு நிமிட ஒளிபடலில் கடல் கண்ணாடித் தளமாகின்றது, நுரை பனிமூட்டமாகின்றது. ஜப்பானின் ஹிரோஷி சுகிமோட்டோ, பிரித்தானியரான மைக்கேல் கென்னா ஆகியோரின் கடற்காட்சிகளுக்குப் பின் இவ்வகைப் படங்கள் உலகெங்கும் பெருகின. கடற்கரைக் கோயிலைப் பொறுத்தவரை இவ்வமைதி பொருந்துமா என்பது கேட்கத்தக்கது. உப்புக் காற்றும் அலையும் அரித்த சிற்பங்களைக் கொண்டது அக்கோயில். கடலைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டிக் கரை எழுப்பப்பட்டது. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையும் அங்கே வந்தது. அக்கடலை அசைவற்ற பாலேடாகக் காட்டும் படம் அழகானது. ஆனால் அக்கோயில் எதை எதிர்கொண்டு நிற்கின்றது என்பதை அது சொல்வதில்லை. அலையின் வடிவம் சிறிது எஞ்சும் அரை நொடிப் படம் இவ்வகையில் நேர்மையானது.

எனினும் நீண்ட ஒளிபடல் எப்போதும் மறைக்கும் எனக் கூற இயலாது. அலைகள் திரும்பத் திரும்ப உடையும் இடம் அதில் வெண்பட்டையாக எஞ்சும்; உடையாத இடம் கறுத்திருக்கும். அலை உடைவது ஆழம் குறைந்த இடத்தில் என்பதால், நீருக்கு அடியிலுள்ள மணல்திட்டும் பாறையும் இவ்வாறு வெளிப்படுகின்றன. அமெரிக்காவின் ஆரகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராப் ஹோல்மன் குழுவினர் 1980களில் தொடங்கிய ஆர்கஸ் முறையில், பத்து நிமிடக் கடற்கரைக் காட்சியின் சராசரிப் படிமத்தைக் கொண்டு மணல்திட்டுகளின் நகர்வு அளக்கப்பட்டது. ஒரே இடத்திலிருந்து, ஒரே ஓத மட்டத்தில், பருவந்தோறும் எடுக்கப்படும் பல நிமிடப் படங்கள் ஒரு கடற்கரையின் மாற்றத்துக்குப் பதிவாக அமையக்கூடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் இக்கரையில் எடுத்து ஒப்பிடுவது மாணவர்களுக்கு ஏற்ற பயிற்சியாகும்.

படகுகளையும் கருத்தில் கொள்ள வேண்டும். மணலில் ஏற்றி வைத்த நாரிழைப் படகு கூர்மையாகப் பதியும். நீரில் மிதப்பது வெறும் கறையாகும். கொளவாய் ஏரியை ஒட்டிச் செல்லும் தொடர்வண்டி, சில நொடி ஒளிபடலில் நிறக்கோடாக நீள்கின்றது.

அனுமதியும் நேரமும்

இந்திய அகழாய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்களில், கையில் ஏந்திய கருவியால் படமெடுப்பது பொதுவாகத் தடையற்றது. முக்காலி நிறுத்துவதற்கு அத்துறையின் அனுமதி தேவை. 1984 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட மாமல்லபுரம் சின்னங்களுக்கும் இது பொருந்தும். வளாகங்கள் பகலில் மட்டுமே திறந்திருக்கும். இருளில் வடிகட்டியின்றியே கிடைக்கக்கூடிய நீண்ட ஒளிபடல் அங்கே வாய்க்காது. பகலில் வடிகட்டி வேண்டும், வடிகட்டிக்கு முக்காலி வேண்டும், முக்காலிக்கு அனுமதி வேண்டும். இதனால் இவ்வகைப் படங்கள் பெரும்பாலும் வேலிக்கு வெளியே பொதுக் கடற்கரையிலிருந்தே எடுக்கப்படுகின்றன. ஆளில்லா வானூர்திகளுக்கும் சிறிய நடுநிலை வடிகட்டிகள் உண்டு. அவற்றைப் பறக்கவிடுவோர் 2021 ஆம் ஆண்டின் ஆளில்லா வானூர்தி விதிகளையும், தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முக்காலி இல்லாதவர்களுக்கு மாற்று வழி ஒன்று உண்டு. குறுகிய நேரப் படங்கள் பலவற்றை அடுத்தடுத்து எடுத்து, மென்பொருளால் சராசரி எடுத்தால் நீண்ட ஒளிபடலின் தோற்றம் பெரிதும் கிடைக்கின்றது. 1/8 நொடிப் படங்கள் 64 ஐச் சேர்த்தால் 8 நொடிக்கு இணையாகும். 2017 இல் வெளியான ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்களிலும் இத்தகைய வசதி உள்ளது.

பயன்படுத்தும் முறை

அடர்ந்த வடிகட்டியைப் பொருத்தியபின் தானியங்கிக் குவியம் பெரும்பாலும் செயலிழக்கும். ஆகையால் காட்சியை அமைத்து, குவியப்படுத்தி, குவியத்தைக் கைமுறைக்கு மாற்றிய பின்னரே வடிகட்டியைப் பொருத்துவர். வடிகட்டியின்றி அளந்த ஷட்டர் நேரத்தை வடிகட்டியின் மடங்கால் பெருக்க வேண்டும். ஆடி வகைக் கருவிகளில் கண்ணருகுச் சாளரம் வழியே வெளியொளி புகுந்து படத்தைக் கெடுக்கும் என்பதால் அதை மூடுவது வழக்கம். படச்சுருளில் வெறும் பெருக்கல் போதாது. மிக மங்கிய ஒளியில் நீண்ட நேரம் திறந்தால் படச்சுருளின் உணர்திறன் சரிகின்றது. கார்ல் சுவார்ட்ஸ்சைல்டு 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் விண்மீன் படங்களில் ஆராய்ந்த இவ்விளைவை ஈடுசெய்ய, கணக்கிட்டதைவிடக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். எண்ணிம உணரிகளில் இக்குறை இல்லை. பதிலாக வெப்பத்தால் உண்டாகும் புள்ளி இரைச்சல் கூடுகின்றது.

கடற்கரையில் கண்ணுக்குத் தெரியாத உப்புச் சாரல் சில நிமிடங்களிலேயே வடிகட்டியில் படலமாகப் படிகின்றது. சூரியனை நோக்கி எடுக்கும்போது இப்படலம் ஒளியைச் சிதறடித்துப் படத்தை வெளிறச் செய்யும். உலர்ந்த உப்பை வேட்டி நுனியாலோ கைக்குட்டையாலோ தேய்த்தால் பிசின் தகடுகளில் கீறல் விழும். முதலில் நன்னீரால் நனைத்துக் கரைத்த பின்னரே துடைக்க வேண்டும்.

கண் பாதுகாப்பு

நடுநிலை அடர்த்தி வடிகட்டி வழியாகச் சூரியனைக் கண்ணால் பார்ப்பது ஆபத்தானது. கண்ணுக்குக் கூச்சம் இல்லாத அளவுக்கு வெளிச்சம் குறைந்தாலும், அகச்சிவப்புக் கதிர்கள் ஊடுருவி விழித்திரையைச் சுடக்கூடும். கூச்சம் இல்லாததால் கண் விலகாமல் பார்த்துக்கொண்டிருப்பது தீங்கை மேலும் கூட்டுகின்றது. விழித்திரையில் வலி உணர்வு இல்லாமையால், சுட்டதும் உடனே தெரிவதில்லை. 2010 சனவரி 15, 2019 திசம்பர் 26 ஆகிய நாள்களில் தமிழ்நாட்டின் சில பகுதிகளில் தெரிந்த கங்கண கிரகணங்களைப் போன்ற நிகழ்வுகளில் இது முதன்மையாகக் கவனிக்கத்தக்கது. சூரியனைப் படமெடுக்க 5.0 அடர்த்தியுள்ள, அதாவது இலட்சத்தில் ஒரு பங்கு ஒளியை விடும் வடிகட்டிகள் உண்டு. அவற்றைப் பொருத்திய நிலையிலும் ஆடி வகைக் கருவியின் ஒளியியல் சாளரத்தில் கண்ணை வைக்காமல், கருவியின் திரையில் மட்டுமே பார்க்க வேண்டும். கண்ணால் நேரே காண்பதற்கு ஐஎஸ்ஓ 12312-2 தரம் பெற்ற கிரகணக் கண்ணாடிகளே உரியவை. அவற்றையும் தொலைநோக்கி அல்லது ஒளிப்படக்கருவியின் பின்னால் அணிந்துகொண்டு பார்க்கக்கூடாது.